கொலாச்சே விற்கும் ஊரில் செக் மொழி எங்கே போனது?

வந்த கேள்வி இது: "டாலஸில் இருந்து ஆஸ்டினுக்குக் காரில் போகும்போது வெஸ்ட் என்ற ஊரில் நிறுத்தினோம். பேக்கரியில் கொலாச்சே என்று ஒரு இனிப்பு பன் கொடுத்தார்கள். செக் நாட்டுப் பண்டமாம். ஊர் முழுக்க செக் பெயர்கள், ஆனால் கடையில் யாருக்கும் செக் பேசத் தெரியவில்லை. இவர்கள் எப்போது, ஏன் வந்தார்கள்? வேறு எங்கெல்லாம் போனார்கள்? மொழியை எங்காவது காப்பாற்றியிருக்கிறார்களா?"

முதலில் சுருக்கமான பதில். செக் மக்கள் நானூறு வருடங்களாக அலை அலையாக வெளியேறியிருக்கிறார்கள். ஒரு தலைமுறை மதத்துக்காகப் போனது, இன்னொன்று நிலத்துக்காக, அடுத்தது கூலி வேலைக்காக, அப்புறம் உயிர் பிழைக்க, கடைசியில் வாய் திறந்து பேச முடியாததால். மொழி ருமேனியாவின் பனாட் மலைகளில் இன்னும் வீட்டு மொழியாக இருக்கிறது. குரோயேஷியாவின் தருவார் பக்கமும் அப்படித்தான். டெக்சாஸில் கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. டெக்சாஸ்காரர்களுக்குப் பற்று குறைவு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மொழிக்குச் செய்ய வேலை இருந்த இடத்தில் அது பிழைத்தது, வேலை தீர்ந்த இடத்தில் போய்விட்டது. பல வருடம் இதைப் படித்துவந்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். கீழே சொல்லப்போவதை எல்லாம் அந்தக் கண்ணோடு படியுங்கள்.

செக்கில் க்ராயன் என்று ஒரு சொல் உண்டு. க்ராய் என்றால் சீமை. க்ராயன் என்றால் நம் சீமைக்காரர். வெளிநாட்டில் இருக்கும் செக் வம்சாவளியினரை அரசாங்கமே இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறது. இப்படிப்பட்டவர்கள் 20 லட்சத்துக்கும் மேல் இருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஒரு கோடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஒரு சின்ன நாட்டுக்கு இது பெரிய பங்கு.

கதையின் தொடக்கம் 1620 நவம்பர் 8. ப்ராகுக்கு வெளியே வெள்ளை மலை என்ற இடத்தில் நடந்த போரில் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் படையிடம் தோற்றார்கள். 1627ல் வந்த சட்டம் செக் நாட்டின் மேற்குப் பகுதியான போஹேமியாவில் கத்தோலிக்கம் தவிர வேறு கிறிஸ்தவப் பிரிவுக்கு இடமில்லை என்றது. மதம் மாறு, இல்லையென்றால் கிளம்பு. நவீனக் கல்விமுறையின் தந்தை என்று ஐரோப்பா கொண்டாடும் யான் ஆமோஸ் கொமென்ஸ்கி அப்படிக் கிளம்பியவர்தான். 1628ல் போலந்தின் லெஷ்னோவுக்குப் போனார். அதன்பின் சொந்த மண்ணில் வாழக் கொடுத்துவைக்கவில்லை. 1670ல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். இன்றைய 200 கொரூனா நோட்டில் இருப்பது அவர் முகம். அவர் பெயர் பின்னாலும் வரும், நினைவில் வையுங்கள்.

கொமென்ஸ்கியின் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர்கள் செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் நூறு வருடம் மறைந்து வாழ்ந்தார்கள். 1722ல் சில குடும்பங்கள் எல்லை தாண்டி சாக்சனிக்குப் போய் ஹெர்ன்ஹூட் என்ற குடியிருப்பை அமைத்தன. அங்கிருந்து கிளம்பிய மொராவிய சகோதரர்கள் உலகம் முழுக்கப் போனார்கள். 1760ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, பக்கத்திலேயே தோட்டம் போட்டுக் கைத்தொழில் செய்து வாழ்ந்தார்கள். நிகோபார் தீவுகளுக்குப் போய்ப் போதிப்பது அவர்கள் நோக்கம். வந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் ஜெர்மன் பேசுகிறவர்கள் ஆகிவிட்டார்கள் என்பதால் இதை செக் குடியேற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேர் அங்கேதான்.

சரி, டெக்சாஸுக்கு வருவோம்.

1848ல் ஹாப்ஸ்பர்க் பேரரசு ரொபோத்தாவை ஒழித்தது. ரொபோத்தா என்றால் ஜமீன் நிலத்தில் கூலி இல்லாமல் செய்யவேண்டிய கட்டாய உழைப்பு. ரோபோ என்று நாம் இன்று சொல்லும் சொல்லின் வேர் இதுதான். கட்டாய உழைப்பு போனது நல்லது, ஆனால் குடியானவனிடம் மிஞ்சியது கையகல நிலம். அதையும் பிள்ளைகளுக்குப் பிரித்தால் வயிற்றுக்குக் காணாது. 1840களில் உருளைக்கிழங்கு நோய் வேறு வந்தது. கிழக்கு போஹேமியாவில் கைத்தறியை நம்பி இருந்த வீடுகள் ஆலைத் துணியோடு போட்டிபோட முடியாமல் ஒடிந்தன. இப்போது யாரும் தடுக்காததால், போகலாம் என்ற எண்ணம் வந்தது.

எங்கே போவது? அதைத் தீர்மானித்தது ஒருவரின் கடிதங்கள். யோசப் அர்னொஷ்ட் பெர்க்மன் என்ற புராட்டஸ்டன்ட் போதகர் 1850ல் டெக்சாஸின் கேட் ஸ்பிரிங் என்ற சிற்றூரில் போய் இறங்கினார். ஊருக்கு எழுதினார். கடிதங்கள் பத்திரிகையில் அச்சாகி, கைக்குக் கை மாறி, கிழக்கு போஹேமியாவின் லன்ஷ்க்ரவுன் வட்டாரக் கிராமங்களில் படிக்கப்பட்டன. அதைப் படித்து யோசப் ஷிலர் என்பவர் தலைமையில் 1851ல் 70க்கும் மேற்பட்டவர்கள் கிளம்பினார்கள். ஹாம்பர்க் போய், அங்கிருந்து லிவர்பூல், அங்கே விக்டோரியா என்ற கப்பலில் ஏறி நியூ ஆர்லியன்ஸ், மறுபடி கப்பல் மாறி கால்வெஸ்டன். நெரிசல், கெட்ட தண்ணீர், நோய். ஏறக்குறைய பாதிப்பேர் டெக்சாஸ் நிலத்தில் கால் பதிக்கும் முன்போ, பதித்த கொஞ்ச நாளிலோ இறந்துபோனார்கள். போகலாம் என்று முதலில் ஆள் திரட்டிய யோசப் லெஷிகர், மனைவி ஒத்துக்கொள்ளாததால் அந்தப் பயணத்தில் சேரவில்லை. அந்தம்மா மறுத்ததுதான் குடும்பத்தைக் காப்பாற்றியது. 1853ல் பிரேமனில் இருந்து நேராக கால்வெஸ்டன் போகும் வழியைக் கண்டுபிடித்து அடுத்த கூட்டத்தோடு அவர்களும் போய்ச் சேர்ந்தார்கள்.

பாதிப்பேர் இறந்த செய்தி ஊருக்குப் போயிருக்கும். அதற்கு அப்புறமும் ஆட்கள் கிளம்பினார்கள் என்றால் ஊரில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

முதலில் வந்தவர்கள் போஹேமிய புராட்டஸ்டன்டுகள். பின்னால் பெருங்கூட்டமாக வந்தவர்கள் வடகிழக்கு மொராவியாவின் மலையடிவாரக் கத்தோலிக்கர்கள். அதனால் டெக்சாஸ் செக் என்பது ப்ராக் செக் கிடையாது, மொராவிய வட்டாரப் பேச்சு. ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: ஓக் தோப்பு என்று பொருள்படும் துபினா, ஃப்ரென்ஷ்டாட், ப்ராஹா. ப்ராஹா என்பது ப்ராகின் செக் பெயரேதான். நீங்கள் போன வெஸ்ட் மட்டும் விதிவிலக்கு. அது மேற்குத் திசையைக் குறிக்கவில்லை, ஊரின் முதல் தபால் அதிகாரியின் குடும்பப் பெயர் வெஸ்ட்.

கரிசல் மண், பருத்தி. பருத்தி விளைந்தது, கடன் அடைந்தது, தேவாலயம் எழுந்தது. ப்ராஹா ஊர்த் தேவாலயம் 1895ல் கட்டியது. வெளியே பார்த்தால் சாதாரணக் கல் கட்டிடம். உள்ளே போனால் மரக் கூரை முழுவதும் வானத்தின் நீலப்பச்சை, அதன்மேல் கொடியும் பூவும் இலையும். ஊரில் விட்டுவந்த பளிங்குக் கோயிலைக் கட்டக் காசில்லை. பைன் பலகையில் வண்ணம் தீட்டி அந்தக் குறையை ஆற்றிக்கொண்டார்கள். இந்த வட்டாரத்தில் இப்படிப் பல கோயில்கள் உண்டு, சுற்றிப் பார்க்கவே ஒரு நாள் ஆகும். ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு ப்ராஹாவில் திருவிழா. வேலை நிமித்தம் ஹூஸ்டனுக்கும் டாலஸுக்கும் போய்விட்ட பிள்ளைகள் அன்றைக்கு ஊர் வந்து சேர்வார்கள். அதே ஊர் இரண்டாம் உலகப்போரில் ஒரே வருடத்துக்குள் 9 இளைஞர்களை இழந்தது. இருந்ததே சில நூறு பேர்.

இங்கேதான் சங்கங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். செக் குடியேறிகள் எங்கே போனாலும் முதலில் தொடங்கியது ஒரு பரஸ்பர உதவிச் சங்கம். 1854ல் செயின்ட் லூயிஸில் தொடங்கிய சங்கம் அமெரிக்கா முழுக்கக் கிளைவிட்டது. டெக்சாஸ் கிளைகள் பிரிந்து 1897ல் எஸ்.பி.ஜே.எஸ்.டி என்ற தனிச் சங்கமாயின. கத்தோலிக்கர்களுக்கு 1889 முதல் கே.ஜே.டி என்று வேறொன்று. மாதாமாதம் சிறு தொகை கட்டினால், ஆள் இறந்ததும் ஈமச் செலவுக்கும் விதவைக்கும் பணம் வரும். கூட்டம் செக்கில், கணக்குப் புத்தகம் செக்கில், சங்க இதழ் செக்கில். உங்களுக்கு ஆங்கிலம் நன்றாக வந்தாலும், கணவன் இறந்தால் பணம் எப்படி வரும் என்று தெரிந்துகொள்ள செக் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மொழிக்கு வேலை என்று நான் சொன்னது இதைத்தான். 1914ல் தொடங்கிய நஷினெட்ஸ் என்ற டெக்சாஸ் பத்திரிகை நூறு வருடத்துக்கு மேல் செக்கிலேயே வந்தது.

அப்புறம் என்ன ஆனது? பள்ளி ஆங்கிலத்தில். முதல் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டு மொழி பேசினால் சந்தேகம். இரண்டாம் உலகப்போருக்குப் போன பையன்கள் ஆங்கிலம் பேசும் பெண்களை மணந்து நகரத்தில் வீடு வாங்கினார்கள். கோயிலில் பிரசங்கம் ஆங்கிலமாயிற்று. சங்கக் கூட்டமும் ஆங்கிலமாயிற்று. எஸ்.பி.ஜே.எஸ்.டியின் இதழுக்கு இன்றும் வெஸ்ட்னிக் என்ற செக் பெயர்தான், உள்ளே எல்லாம் ஆங்கிலம். தாத்தாவும் பாட்டியும் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத விஷயத்தை மட்டும் செக்கில் பேசிக்கொண்டார்கள். ஒரு மொழி அந்த இடத்துக்கு வந்துவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது போய்ச்சேராது. வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

சாப்பாடு மட்டும் நின்றது. கொலாச்சே என்பதே பன்மை, ஒருமை கொலாச். நடுவில் குழித்து, கசகசா விழுது அல்லது உலர்ந்த பிளம் அல்லது பாலாடைக் கட்டி வைத்து, மேலே வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் உதிர்த்த பொடி தூவிச் சுடுவது. தொத்திறைச்சியை உள்ளே வைத்து மூடிச் சுட்டுத் தருகிறார்களே, அது கொலாச் கிடையாது. அதன் பெயர் க்லொபாஸ்னெக், டெக்சாஸ் செக் மக்கள் அங்கேயே உண்டாக்கியது. அடுத்த முறை போனால் கசகசா வைத்ததை வாங்குங்கள். மற்றதெல்லாம் வியாபாரத்துக்காகப் பின்னால் வந்தவை. இதுதான் கப்பலில் வந்த சுவை. பாட்டும் நின்றது, வேறு ஆள் வாயில். செக், ஜெர்மன் குடியேறிகளின் அக்கார்டியனும் போல்காவும் பக்கத்து மெக்சிகோ வம்சாவளியினரிடம் போய் அவர்கள் இசையாகவே மாறிவிட்டன.

2013 ஏப்ரலில் வெஸ்டில் உரக் கிடங்கு வெடித்து 15 பேர் இறந்தார்கள். அப்போது வாஷிங்டனில் இருந்த செக் தூதர் நேரில் அந்த ஊருக்கு வந்தார். நூற்றைம்பது வருடத்துக்கு முன் போனவர்களின் கொள்ளுப்பேரர்களை ஒரு நாடு இன்னும் தன்னவர்கள் என்று நினைக்கிறது. எனக்கு இது சாதாரணமாகத் தெரியவில்லை.

டெக்சாஸ் போலவே நெப்ராஸ்கா, அயோவா சமவெளிகளிலும் 1862 நிலச் சட்டத்துக்குப் பிறகு செக் உழவர்கள் குடியேறினார்கள். இசையமைப்பாளர் த்வோர்ழாக் நியூயார்க்கில் பணியாற்றியபோது 1893 கோடையை அயோவாவின் ஸ்பில்வில் என்ற செக் கிராமத்தில் கழித்தார். காலையில் கோயிலில் ஆர்கன் வாசிப்பது, ஊர்க் கிழவர்களோடு செக்கில் பேசுவது என்று இருந்தவர், சில நாட்களிலேயே ஒரு நால்வர் இசைக்கோவையை எழுதி முடித்தார். ஊர்ப்பேச்சு காதில் விழுந்த மகிழ்ச்சிக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சிகாகோ வேறு உலகம். அங்கே ஆலைத் தொழிலாளர்கள். பில்சன் என்ற பகுதிக்கு செக் நாட்டின் ப்ல்சென் நகரத்தின் பெயர். அமெரிக்க செக் மக்களில் பெரும்பகுதியினர் கோயிலை விட்டு விலகிய சுதந்திரச் சிந்தனையாளர்கள். வெள்ளை மலைக் காயம் ஆறவில்லை என்றே வையுங்கள். 1876ல் ஒரு செக் பெண் பாவமன்னிப்பு பெறாமல் இறந்துவிட்டார் என்று கத்தோலிக்கக் கல்லறையில் புதைக்க இடம் மறுத்தார்கள். கோபப்பட்ட சமூகம் பணம் திரட்டி 1877ல் தனக்கென்று போஹேமியத் தேசியக் கல்லறையைத் தொடங்கியது. 1915ல் தொழிற்சாலைச் சுற்றுலாவுக்குக் கிளம்பிய ஈஸ்ட்லேண்ட் கப்பல் சிகாகோ ஆற்றிலேயே கவிழ்ந்து 844 பேர் இறந்தபோது, அதில் இருந்த செக் குடும்பங்கள் பல அங்கேதான் உறங்கின. 1931ல் நகர மேயரான ஆன்டன் செர்மாக்கும் அங்கேதான். போஹேமியாவின் கிளாட்னோவில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவர். 1933ல் மயாமியில் ரூஸ்வெல்ட்டோடு இருந்தபோது சுடப்பட்டு இறந்தார்.

செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடே பாதி அமெரிக்காவில் பிறந்தது என்பேன். 1915ல் க்ளீவ்லாண்டிலும் 1918 மே மாதம் பிட்ஸ்பர்க்கிலும் செக், ஸ்லோவாக் சங்கங்கள் ஒன்றாக நாடு அமைக்க ஒப்பந்தம் போட்டன. பின்னால் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான மசாரிக்கின் வெளிநாட்டுப் பிரச்சாரத்துக்குப் பணம் போனது ஆலைத் தொழிலாளிகளின் சில்லறையில் இருந்து. 1918 அக்டோபர் 18 அன்று சுதந்திரப் பிரகடனம் வாஷிங்டனில் வெளியானது. பத்து நாள் கழித்து ப்ராகில் கொடி ஏறியது.

வியன்னாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் தாண்ட முடியாதவர்கள் அங்கே போனார்கள். தெற்கு வியன்னாவின் செங்கல் சூளைகளில் செக் கூலிகள் குடும்பத்தோடு குடிசைகளில் கிடந்தார்கள். இன்று நாம் படத்தில் பார்க்கும் அந்த மாளிகைகளின் செங்கல் அவர்கள் அறுத்தது. 1900 கணக்கெடுப்பில் செக்கை அன்றாட மொழி என்று சொன்னவர்களே ஒரு லட்சம் பேர். சொல்லப் பயந்தவர்கள் அதற்கு மேல். பிள்ளைகளுக்குச் சொந்த மொழியில் பள்ளி வேண்டும் என்று 1872ல் தொடங்கிய சங்கத்துக்கு வைத்த பெயர் கொமென்ஸ்கி. நாடு கடத்தப்பட்ட அந்த ஆசிரியரின் பெயரில் வியன்னாவில் இன்றும் செக் பள்ளி நடக்கிறது. 1918ல் சொந்த நாடு கிடைத்ததும் பெருங்கூட்டம் திரும்பிவிட்டது. தங்கியவர்களின் நொவோட்னி, ஸ்வொபொடா என்ற குடும்பப் பெயர்களை வியன்னாவில் எங்கும் பார்க்கலாம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடம், பனாட். ருமேனியாவில் டான்யூப் நதி இரும்புவாயில் பள்ளத்தாக்கில் நுழையும் இடத்துக்கு மேலே மலைகள். 1820களில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவர் நிலமும் வரிச்சலுகையும் தருவதாகச் சொல்லி போஹேமியாவில் இருந்து குடும்பங்களை அழைத்துவந்தார். காடு வெட்டி முடிந்தது, வாக்குறுதி காற்றில் போனது. ஒரு கிராமம் தண்ணீர் இல்லாமல் கைவிடப்பட்டது. மிஞ்சியவர்களை எல்லைக் காவல் அமைப்பில் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்வத்தா ஹெலெனா, கெர்னிக், ரொவென்ஸ்கோ, பிகர், ஐபென்தால், ஷுமிட்சே என்று ஆறு கிராமங்கள் நிலைத்தன.

இங்கே மொழி ஏன் பிழைத்தது? சாலை இல்லை. ருமேனியக் கிராமம் மலைக்குக் கீழே. கல்யாணம் செக் கிராமத்துக்கும் செக் கிராமத்துக்கும் இடையில். பள்ளி செக்கில், கோயில் செக்கில், நிலத் தகராறு செக்கில். இருநூறு வருடம் ஆகியும் தெருவில் ஓடும் பிள்ளை செக்கில் கத்துகிறது. ப்ராகில் இருந்து போகிறவர்களுக்கு அந்தப் பேச்சு கொள்ளுப்பாட்டி பேசியது போலக் கேட்கும். நாட்டில் வழக்கொழிந்த சொற்கள் அங்கே அடுப்பங்கரையில் புழங்குகின்றன.

ஆனால் 1989க்குப் பிறகு எல்லை திறந்தது. சுரங்கங்கள் மூடின. மொழி தெரிந்த இளைஞனுக்கு செக் நாட்டுத் தொழிற்சாலையில் வேலை கிடைப்பது சுலபம். மொழியைக் காத்த கிராமங்களை அந்த மொழியே காலி செய்தது. 2011ல் ருமேனியாவில் செக் என்று பதிந்தவர்கள் ஏறக்குறைய 2,500 பேர்தான். செக் அரசு ஆசிரியர்களை அனுப்புகிறது. செக் தொண்டு நிறுவனம் ஒன்று மலைப்பாதைகளுக்குக் குறியிட்டு நடைப்பயணிகளை வரவழைத்தது. வருகிறவர்கள் கிராம வீட்டில் தங்கி வாடகை கொடுக்கிறார்கள். மறுபடியும் மொழிக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது, இந்த முறை விருந்தாளிக்குச் சோறு போடும் வேலை.

குரோயேஷியாவின் தருவாரில் நிலைமை இன்னும் மேல். அங்கே செக் பள்ளி உண்டு, 1946 முதல் யெட்நொட்டா என்ற செக் வார இதழ் உண்டு. உள்ளூர்ச் சங்கத்தின் பெயர் பெசெடா. நாலு பேர் கூடி உட்கார்ந்து பேசுவது என்று அதற்குப் பொருள், ஏறக்குறைய நம் திண்ணைப் பேச்சு.

வொலின் கதை கண்ணீர்க் கதை. 1860களின் கடைசியில் ரஷ்யப் பேரரசு மலிவு நிலம் தருகிறது என்று இன்றைய வடமேற்கு உக்ரைனில் இருக்கும் வொலினுக்குப் போனார்கள். பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடியைப் பயிரிட்டார்கள், பீர் ஆலை வைத்தார்கள், செழித்தார்கள். 1943 ஜூலை 13 அன்று செக் மாலின் என்ற கிராமத்தை நாஜிப் படை கொளுத்தியது. செக் மக்கள் மட்டும் 374 பேர் இறந்தார்கள். போர் முடிந்ததும் 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட வொலின் செக் மக்கள் நாடு திரும்பி, ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்ட எல்லைப்புற வீடுகளில் குடியேறினார்கள். ஒருவர் நாடு கடத்தப்பட்ட வீட்டில் இன்னொருவர் நாடு திரும்பிய விளக்கு எரிந்தது. திரும்பாமல் தங்கியவர்களில் ஏறக்குறைய 1,800 பேரை செர்னோபில் கதிர்வீச்சுக்குப் பிறகு, 1991ல் தொடங்கி, செக் அரசு அழைத்துக்கொண்டது.

நம் ஊரில் செருப்புக்கடை என்றாலே நினைவுக்கு வரும் பாட்டாவும் இந்தக் கதையில் வரும். மொராவியாவின் ஸ்லீன் நகரத்துக் குடும்பம் அது. கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹூக்ளிக் கரையில் பாட்டாநகர், கனடாவில் பாட்டாவா, பிரேசிலில் பாட்டாதூபா என்று ஆலையோடு ஊரையும் கட்டினார்கள். நாஜிகள் வந்தபோது நிறுவனம் தன் யூத ஊழியர்கள் பலரை வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்பிவைத்தது. ஸ்லீன் மருத்துவமனை டாக்டர் ஒருவர் குடும்பத்தோடு சிங்கப்பூர் போனார், 1942ல் அங்கே ஜப்பானியர் வந்தபோது இறந்தார். மனைவியும் இரண்டு மகன்களும் இந்தியாவுக்குத் தப்பினார்கள். அந்தம்மா டார்ஜிலிங்கில் பாட்டா கடையை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். இளைய மகன்தான் பின்னால் ஆங்கில நாடக உலகம் கொண்டாடிய டாம் ஸ்டாப்பர்ட்.

கடைசி அலைக்கு வருகிறேன். 1948 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். அனுமதி இல்லாமல் வெளியேறுவது குற்றம். குடியரசைக் கைவிட்டுப் போதல் என்று அதற்குப் பெயர். ஆள் இல்லாமலே வழக்கு, சொத்து பறிமுதல், தங்கிய உறவினருக்குத் தொல்லை. வேலை விண்ணப்பப் படிவத்தில் வெளிநாட்டில் உறவினர் உண்டா என்று ஒரு வரி. உண்டு என்று எழுதினால் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைப்பது சந்தேகம். 1951 செப்டம்பர் 11 அன்று யாரொஸ்லாவ் கொன்வலின்கா என்ற ஓட்டுநர் பயணிகளோடு ஒரு ரயிலையே நிறுத்தாமல் ஆஷ் நகர எல்லை தாண்டி மேற்கு ஜெர்மனிக்குள் ஓட்டிப்போனார். 1968 ஆகஸ்ட் 21ல் சோவியத் டாங்கிகள் வந்தபோது எல்லை கொஞ்ச காலம் இறுகாமல் இருந்தது, சுமார் 70 ஆயிரம் பேர் போய்விட்டார்கள். 1948 முதல் 1989 வரை மொத்தம் 2 லட்சத்துக்கு மேல் என்பார்கள்.

அவர்களில் ஒருவரைத் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். ப்ராகில் பிறந்து சங்க இலக்கியத்தில் மூழ்கிய கமில் சுவலபில். சார்லஸ் பல்கலைக்கழகத்தில் தமிழும் திராவிட மொழியியலும் கற்பித்தவர் 1968 படையெடுப்புக்குப் பின் வெளியேறினார். அப்புறம் அவருடைய வாழ்க்கை நெதர்லாந்தில், உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில். முருகனின் புன்னகை என்று பெயர் வைத்து அவர் தமிழ் இலக்கியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1973ல் லைடனில் வெளியானது. 2009ல் பிரான்சில் இறந்தார். அவருடைய நூல்களை மதித்துப் படிக்கும் நம்மில் பலருக்கு, அவர் நாட்டை இழந்தவர் என்பது தெரியாது. நாம் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்த அலை நிலத்தைத் தேடவில்லை, அச்சகத்தைத் தேடியது. டொரான்டோவில் எழுத்தாளர்களான ஷ்க்வொரெட்ஸ்கி தம்பதி 1971ல் 68 பப்ளிஷர்ஸ் என்று தொடங்கி, நாட்டில் தடைசெய்த புத்தகங்களை செக்கிலேயே அச்சிட்டார்கள்; 200க்கு மேல். அவை பெட்டிக்கடியில் ஒளிந்து ப்ராகுக்குள் போயின. இங்கேயும் மொழிக்கு வேலை இருந்தது, ஊரில் செய்ய முடியாத வேலை. நாவலாசிரியர் மிலன் குந்தேரா 1975ல் பிரான்சுக்குப் போனார், 1979ல் குடியுரிமை பறிக்கப்பட்டது, 2019ல்தான் திரும்பக் கிடைத்தது. நாற்பது வருடம்.

1989க்குப் பிறகு நாடு இவர்களை இரு கை நீட்டி வரவேற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நீ சுகமாகப் போய்விட்டாய், நாங்கள்தான் இருந்து அனுபவித்தோம் என்ற மனக்கசப்பு இருந்தது. பறித்த சொத்தைத் திருப்பித் தரும் 1991 சட்டம், நாட்டில் நிலையாகக் குடியிருப்பவருக்கு மட்டும் என்றது. ஓடிப்போனவரின் வீட்டைப் பறித்துவிட்டு, நீ இங்கே குடியிருக்கவில்லையே என்று கேட்பது எந்த நியாயம்? 1994ல் அரசியல்சட்ட நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. இரட்டைக் குடியுரிமை 2014ல் வந்தது. முன்னாள் குடிமக்களின் பேரப்பிள்ளைகளும் அறிவிப்பு கொடுத்துக் குடியுரிமை பெற 2019ல் வழி திறந்தது. வெளிநாட்டில் இருந்து தபால் ஓட்டு 2025 தேர்தலில்தான் முதல்முறை. ஒவ்வொன்றுக்கும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள்.

உங்கள் கேள்விக்கே திரும்புகிறேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது பேக்கரியோடு நிறுத்தாமல் தெற்கே ஷூலன்பர்க் வரை போங்கள், அங்கிருந்து ப்ராஹா கிட்டத்தான். தேவாலயத்துக்குப் பக்கத்தில் கல்லறைத் தோட்டம். பழைய கற்களில் ஜ்டே ஒட்போச்சீவா என்று தொடங்கும்; இங்கே இளைப்பாறுகிறார் என்று அர்த்தம். பெயர், மொராவியாவில் பிறந்த ஊர், வேண்டிய எழுத்துக்கெல்லாம் மேலே செக் உச்சரிப்புக் குறி சரியாக இருக்கும். கொஞ்சம் புதிய கற்களில் அந்தக் குறிகள் மட்டும் உதிர்ந்திருக்கும், செதுக்கியவருக்கு அவை தெரியாது. இன்னும் புதியவற்றில் வாசகம் ஆங்கிலம், பெயர் மட்டும் செக். மூன்று வரிசை நடந்தால் போதும்.